எக்ஸ்-மென் படத்துக்கு எத்தனை மதிப்பெண்? சென்னைக் குழு ஒன்றின் நிகழ்வு ஆய்வு

இந்த ஆய்வு ஒரே ஒரு படத்தைப் பற்றியது. 2000ஆம் ஆண்டு ஜூலையில் அமெரிக்காவில் வெளியான ‘எக்ஸ்-மென்’. சென்னையில் நாங்கள் நடத்தும் சிறிய திரைப்பட ரசனைக் குழு, பிளஸ் ஒன், பிளஸ் டூ மாணவர்களுக்குத் திரையிடுவதற்காக ‘ஒதுக்கப்பட்டவர்கள்’ என்ற தலைப்பில் படங்களைத் தேடிக்கொண்டிருந்தது. இந்தப் படத்தைப் பட்டியலில் சேர்ப்பதா வேண்டாமா என்று தொடங்கிய பேச்சு, அபூர்வ சக்தி கொண்டவர்களை ஊர் ஒதுக்கிவைக்கும் கதையை எந்த அளவுகோலால் அளப்பது என்பதுவரை போய்விட்டது. அந்தப் பேச்சு போன வழியை முழுமையாக எழுதிவைத்தால் வேறு குழுக்களுக்கும் உதவும் என்று நினைக்கிறேன்.

கூடும் இடம் வடபழனியில் ஒரு மாடி அறை. ஆற்காடு சாலையில் நடக்கும் மெட்ரோ வேலையைத் தாண்டி வந்து சேருவதே பாதிப் பாடு, ஆனாலும் ஞாயிறு மாலைகளில் எல்லோரும் வந்துவிடுவார்கள். கிராஃபிக்ஸ் கம்பெனியில் கம்பாசிட்டிங் (தனித்தனியாக எடுத்த படங்களை ஒரே காட்சியாக இணைக்கும்) வேலை பார்க்கும் ஒரு தம்பி, சிறப்புப் பள்ளி ஆசிரியை ஒருவர், பல காலம் வார்டில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற செவிலியர் ஒருவர், திருநங்கைத் தோழி ஒருவர், சட்டம் படிக்கும் மாணவர்கள், அப்புறம் நான். பெயர்கள் இங்கே தேவையில்லை. யார் என்ன வேலை செய்கிறார் என்பது தெரிந்தால் போதும், ஏனென்றால் அவரவர் வேலைதான் அவரவர் பார்வைக்கு அடிப்படையாக இருந்தது.

படம்

ஸ்டான் லீயும் ஜாக் கிர்பியும் 1963இல் உருவாக்கிய காமிக்ஸ்தான் மூலம். இரண்டு பேருமே நியூயார்க்கில் குடியேறிய யூதக் குடும்பங்களின் பிள்ளைகள். கதையின் கரு எளிமையானது. சிலர் பிறக்கும்போதே மரபணுவில் ஒரு மாற்றத்தோடு பிறக்கிறார்கள். பெரும்பாலும் பருவ வயதில் அது வெளிப்படுகிறது. அவர்களை மியூட்டன்ட் என்கிறார்கள். நமக்கு இரும்புக்கை மாயாவி தெரியும், 1972இல் முத்து காமிக்ஸின் முதல் இதழாக வந்தவர். அவருக்குச் சக்தி கிடைத்தது விபத்தால். எக்ஸ்-மென் ஆட்களுக்கு விபத்து எதுவும் நடக்கவில்லை, பிறப்பே காரணம். பிறப்பால் ஒதுக்கப்படுவது என்றால் என்னவென்று நம் ஊரில் யாருக்கும் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

பிரையன் சிங்கர் இயக்கிய படம் நூற்று நான்கு நிமிடம் ஓடுகிறது. சுமார் ஏழரைக் கோடி டாலர் செலவில் எடுத்து, உலகம் முழுவதும் கிட்டத்தட்ட முப்பது கோடி டாலர் வசூலித்தார்கள். ஹ்யூ ஜாக்மனை உலகத்துக்குத் தெரியவைத்ததும் இந்தப் படம்தான். வேறொரு படத்தின் படப்பிடிப்பு இழுத்துக்கொண்டே போனதால் முதலில் ஒப்பந்தமான நடிகரால் வர முடியாமல்போய், கடைசி நேரத்தில் உள்ளே வந்தவர் அவர்.

கதையில் இரண்டு தரப்பு. ஒரு பக்கம் பேராசிரியர் சார்லஸ் சேவியர். மனிதர்களோடு சேர்ந்து வாழலாம் என்று நம்புகிறவர், மியூட்டன்ட் பிள்ளைகளுக்கு ஒரு பள்ளிக்கூடம் நடத்துகிறார். மறுபக்கம் உலோகத்தை இஷ்டப்படி வளைக்கும் மேக்னீட்டோ. நாஜி வதைமுகாமில் பெற்றோரைப் பறிகொடுத்தவர், மனிதர்களை நம்பக் கூடாது என்பதை அங்கேயே கற்றுக்கொண்டவர். இடையில் அமெரிக்க செனட்டர் ராபர்ட் கெல்லி, எல்லா மியூட்டன்ட்டுகளும் அரசிடம் பெயர் பதிய வேண்டும் என்று சட்டம் கொண்டுவரப் பார்க்கிறார்.

முதல் மதிப்பெண் தாள்

ஒரு கல்லூரிப் போட்டியில் பயன்படுத்திய பழைய மதிப்பெண் தாள் குழுவிடம் இருந்தது. கதை, நடிப்பு, ஒளிப்பதிவு, இசை, கிராஃபிக்ஸ், வேகம் என்று தலைப்புகள், ஒவ்வொன்றுக்கும் பத்து. முதலில் படத்தை இடைவெளி இல்லாமல் பார்த்துவிட்டு அதில் மதிப்பெண் போட்டோம். முடிவு சுமார்தான். மாணவர்கள் கிராஃபிக்ஸுக்கு மிகக் குறைவாகப் போட்டிருந்தார்கள். கணினியில் செய்த உடல்கள் இன்றைய கண்ணுக்கு ரப்பர் மாதிரித் தெரிகின்றன, அதை மறுக்க முடியாது. சண்டைகள் சின்னவை, கடைசிக் காட்சி சப்பென்று இருக்கிறது என்றும் எழுதியிருந்தார்கள்.

கம்பாசிட்டிங் தம்பி மட்டும் எதிர்த்துப் பேசினார். மேக்னீட்டோவின் ஆளாக வரும், நினைத்த உருவம் எடுக்கும் மிஸ்டிக் என்ற நீலத்தோல் பெண்ணின் உடம்பு பெரும்பாலும் ஒப்பனைதான், அந்த நடிகை பல மணி நேரம் செலவழித்துச் செதில் செதிலாக ஒட்டிக்கொண்டார், அதனால்தான் அவள் நடக்கும்போது நிஜமான கனம் தெரிகிறது என்றார். இன்று அதையே முழுக்க முழுக்கக் கணினியில் செய்வார்கள், தோல் பளபளக்கும், ஆனால் அந்தக் கனம் வராது என்றும் சொன்னார். தொழில் தெரிந்தவர் சொன்னதால் எல்லோரும் கேட்டுக்கொண்டார்கள். இருந்தாலும் மதிப்பெண் பெரிதாக ஏறவில்லை.

என் கவலை வேறு. தாளில் எந்த இடத்திலும் ‘ஒதுக்கப்பட்டவர்’ என்ற சொல்லே கிடையாது. எதற்காகப் படத்தை எடுத்தோமோ அதைப் பற்றி ஒரு கேள்விகூட இல்லாமல் மதிப்பெண் போட்டால் அந்தக் கூட்டல் கணக்கு எதைச் சொல்லும்? எனவே அடுத்த முறை காட்சிகளை நிறுத்தி நிறுத்திப் பார்ப்போம், ஒவ்வொரு பாத்திரத்துக்கும் ஒரே ஒரு கேள்வி வைப்போம் என்று முடிவு செய்தோம். இந்தச் சக்தி இந்த ஆளின் அன்றாட வாழ்க்கையிலிருந்து எதைப் பறித்துக்கொண்டது?

கேள்வி அவ்வளவுதான். படம் அதற்குப் பிறகு வேறு படமாகத் தெரிந்தது.

கையுறை

படத்தின் உயிர் ரோக் என்ற பெண்ணிடம் இருக்கிறது. அமெரிக்காவின் தெற்கே மிசிசிப்பி மாநிலத்துச் சிறு ஊர். படுக்கையறைச் சுவரில் ஒரு வரைபடம், பள்ளி முடிந்ததும் எங்கெல்லாம் போக வேண்டும் என்று ஒரு பையனிடம் சொல்லிக்கொண்டிருக்கிறாள். இருவரும் முத்தமிடுகிறார்கள். அவன் முகத்தில் நரம்பு புடைக்கிறது, மூச்சு நிற்கிறது. அவள் தோல் பட்டால் எதிராளியின் உயிர்ச்சக்தி உறிஞ்சப்படும் என்பது அவளுக்கே அப்போதுதான் தெரிகிறது. பையன் மூன்று வாரம் நினைவில்லாமல் கிடந்தான் என்று பின்னால் அவளே சொல்கிறாள். அடுத்து அவளைப் பார்க்கும்போது கனடாவின் பனியில், முழங்கைவரை கையுறை போட்டுக்கொண்டு, யாரும் துணையில்லாமல் நிற்கிறாள்.

ஹ்யூ ஜாக்மன் நடித்த வுல்வரின் என்ற மியூட்டன்ட்டின் வண்டியில் அவள் ஏறிக்கொண்ட பிறகு, அவன் விரலிடுக்கிலிருந்து கத்திகள் வெளியே வரும்போது வலிக்குமா என்று கேட்கிறாள். ஒவ்வொரு முறையும் வலிக்கும் என்கிறான். இந்தச் சின்னப் பேச்சுதான் எங்கள் கேள்விக்குப் படத்திலேயே கிடைத்த மிக நேரான பதில். சக்தியைப் பார்த்து வாயைப் பிளக்காமல், அது உனக்கு என்ன செய்கிறது என்று கேட்கிறாள். தானும் வலியோடு இருப்பவள் என்பதால்தான் அவளுக்கு அப்படிக் கேட்கத் தோன்றுகிறது.

கையுறையைப் பற்றி எல்லோரும் பேசி முடித்த பிறகு செவிலியர் அம்மா மெதுவாக ஒன்று சொன்னார். 1986இல் இந்தியாவின் முதல் எச்.ஐ.வி. தொற்றுகள் கண்டறியப்பட்டது இந்தச் சென்னையில்தான், டாக்டர் சுனிதி சாலமனின் குழு அதைக் கண்டறிந்தது. அதற்குப் பின்வந்த ஆண்டுகளில் வார்டில் வேலை பார்த்தவர் இந்த அம்மா. தொட்டால் ஒட்டாது என்று தெரிந்தும், தெர்மாமீட்டரை நீட்டக்கூடக் கையுறை போட்டுக்கொண்டவர்கள் அன்று இருந்தார்கள் என்றார். நோயாளிகளின் கண் முதலில் நம் கைக்குத்தான் போகும், வெறுங்கையா கையுறையா என்று பார்ப்பார்கள். பிறகு அவர் கேட்டது: “அங்கே கையுறையைப் போட்டுக்கிட்டது பயந்தவங்க. இந்தப் படத்துல மட்டும் ஏன் ஒதுக்கப்பட்ட பொண்ணே கையுறை போட்டுக்கிட்டு அலையுறா?”

அறை கொஞ்ச நேரம் பேசவில்லை. இந்தப் படத்தைப் பற்றி நான் எத்தனையோ கட்டுரைகள் படித்திருக்கிறேன், இந்தக் கேள்வியை எங்கும் பார்த்ததில்லை. இந்த ஆய்வின் மையமே அவர் கேள்விதான்.

உவமை எங்கே உடைகிறது

நிஜ உலகில் ஒதுக்கப்பட்ட மனிதரால் யாருக்கும் ஆபத்து கிடையாது. தெருவுக்குள் வரக் கூடாது, கிணற்றில் நீர் எடுக்கக் கூடாது, தனிக் குவளையில்தான் டீ என்று சொன்னவர்கள் பயந்தது இல்லாத ஒன்றுக்கு. தொட்டதால் யாரும் மயங்கி விழவில்லை. ரோக் தொட்டால் மயங்கி விழுகிறார்கள். கண்ணிலிருந்து கதிர் பாயும் சைக்ளாப்ஸ் கண்ணாடியைக் கழற்றினால் கட்டடம் இடிகிறது. ஆக, இந்தப் படத்தின் உவமையில் ஓர் ஓட்டை இருக்கிறது. மியூட்டன்ட்டுகளைப் பார்த்துப் பயப்படுகிறவர்களுக்குப் பயப்பட உண்மையிலேயே காரணம் இருக்கிறது. தீண்டாமையோடு இந்தக் கதையை அப்படியே பொருத்திப் பார்க்கும் மாணவர், தன்னையறியாமல் ஒதுக்கியவர்களின் பயத்துக்கு ஒரு நியாயத்தைக் கொடுத்துவிடுவார். வகுப்பறையில் இது சின்ன விஷயமில்லை.

சட்டம் படிக்கும் மாணவி ஒருவர் இதை ஏற்கவில்லை. படம் இந்த ஓட்டையை மறைக்கவில்லை, அதைப் பற்றியே ஒரு காட்சி வைத்திருக்கிறது என்றார். செனட் விசாரணைக் காட்சியைத் திரும்பப் போட்டோம். மியூட்டன்ட்டுகள் ஆபத்தானவர்களா என்று கெல்லி கேட்கிறார். காரை ஓட்டக் கூடாத ஆள் ஓட்டினால் காரும்தான் ஆபத்து என்கிறார் சேவியர் பக்கத்து ஜீன் கிரே. அதற்குத்தானே கார் ஓட்ட லைசென்ஸ் வாங்கச் சொல்கிறோம் என்று கெல்லி மடக்குகிறார். அரங்கமே அவருக்குக் கை தட்டுகிறது. வில்லனாகக் காட்டப் போகிறவருக்கு வாதத்தில் வெற்றியைக் கொடுத்திருக்கிறார்கள். மாணவி சொன்னது சரிதான், இது நேர்மையான எழுத்து. ஆனால் அந்த வாதத்துக்குப் பதிலை அதன்பிறகு படம் எங்குமே தேடவில்லை. அதுதான் என் குறை.

பதிவேடு

உவமை உடையாமல் நிற்கும் இடமும் இதே காட்சியில் இருக்கிறது. கெல்லியின் கையில் ஒரு பட்டியல். நாட்டில் வாழும் மியூட்டன்ட்டுகளின் பெயர்கள். சுவருக்குள் புகுந்து போகும் சிறுமி ஒருத்தியைக் குறிப்பிட்டு, அவள் வங்கிப் பெட்டகத்துக்குள் போக மாட்டாள் என்று என்ன நிச்சயம் என்கிறார். அந்தச் சிறுமி எதையும் திருடவில்லை. திருட முடியும் என்பதே அவள் மேல் குற்றம்.

இதை நாம் படத்தில் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை. பிரிட்டிஷ் அரசு 1871இல் கொண்டுவந்த குற்றப் பரம்பரைச் சட்டம் இதேதான். ஒரு சாதியில் பிறந்ததாலேயே ஒருவர் குற்றம் செய்யக்கூடியவர் என்று முன்கூட்டியே பதிந்துவைப்பது. 1911இல் அது சென்னை மாகாணத்துக்கும் வந்தது. ரேகை பதிய வேண்டும், இரவில் ஊரை விட்டுப் போகக் கூடாது, போவதானால் சீட்டு வாங்க வேண்டும். உசிலம்பட்டிப் பக்கம் பெருங்காமநல்லூரில் பிறமலைக் கள்ளர் மக்கள் ரேகை வைக்க மறுத்தார்கள். 1920 ஏப்ரல் 3 அன்று போலீஸ் சுட்டதில் 16 பேர் இறந்தார்கள், அவர்களில் மாயக்காள் என்ற பெண்ணும் ஒருவர். சென்னை மாகாணத்தில் 1947இல்தான் அந்தச் சட்டம் நீங்கியது, நாடு முழுவதும் நீங்க 1952 ஆனது.

கெல்லியின் பட்டியலைப் பார்க்கும்போது குழுவில் பலர் பெருங்காமநல்லூரைச் சொன்னார்கள். அமெரிக்கப் பார்வையாளர் இந்தக் காட்சியில் 1950களின் கம்யூனிஸ்ட் வேட்டையைப் பார்ப்பார், யூதர் நாஜிகளின் பதிவேட்டைப் பார்ப்பார். படத்தின் தொடக்கமே 1944 போலந்தின் வதைமுகாம் என்பதால் அந்த நினைவு இயல்பாக வரும். மழை, சேறு, முள்வேலி, அம்மாவிடமிருந்து பிரித்து இழுக்கப்படும் சிறுவன், அவன் நீட்டிய கைக்கு வளைந்து கொடுக்கும் இரும்புக் கேட். அதிகம் பேச்சில்லாத அந்தச் சில நிமிடங்களில் மேக்னீட்டோவின் மொத்த அரசியலும் சொல்லப்பட்டுவிடுகிறது. காமிக்ஸில் 1963இலிருந்தே அவர் இருந்தார், ஆனால் இந்த வதைமுகாம் பின்னணி 1981இல்தான் அவருக்குச் சேர்ந்தது. அதைப் படத்தின் முதல் காட்சியாக வைத்தது மிகச் சரியான தேர்வு. வில்லன் பிறந்த கதையைச் சொல்லிவிட்டுப் பட்டியலைக் காட்டினால், அவர் பயம் பொய்யில்லை என்று பார்ப்பவருக்கே தெரிந்துவிடும்.

மேக்னீட்டோவாக நடித்த இயன் மெக்கெல்லன், 1988லேயே தான் தன்பாலீர்ப்பாளர் என்று வெளிப்படையாகச் சொன்னவர். பிரிட்டனில் தன்பாலீர்ப்பைப் பற்றிப் பேசுவதைக் கட்டுப்படுத்தும் சட்டம் ஒன்று வந்துகொண்டிருந்த நேரம் அது. அவர் குரலில் இருக்கும் அமைதியான கோபம் வெறும் நடிப்புப் பயிற்சியால் வந்ததாக எனக்குத் தோன்றவில்லை.

சேவியரை மார்ட்டின் லூதர் கிங்குக்கும் மேக்னீட்டோவை மால்கம் எக்ஸுக்கும் ஒப்பிடுவது வழக்கமாகிவிட்டது. இந்த ஒப்பீட்டை வகுப்பில் பயன்படுத்த வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. தன் திட்டத்துக்கான கருவியை இயக்கினால் தன் உயிர் போய்விடும் என்பதால், தனக்குப் பதிலாகப் பள்ளிப் பெண்ணான ரோக்கை அதில் கட்டிவைக்கிறவர் மேக்னீட்டோ. அவருக்கு மால்கம் எக்ஸின் பெயரைச் சூட்டுவது மால்கமுக்குச் செய்யும் அநியாயம். இங்கே அம்பேத்கர், பெரியார், காந்தி என்று பெயர்களை மாற்றிப் போட்டு அதே விளையாட்டை ஆடுவார்கள். அதுவும் வேண்டாம்.

வீடு, பள்ளி, நாற்காலி

திருநங்கைத் தோழிக்கு ரோக்கைவிட மிஸ்டிக் மேல்தான் அக்கறை. மிஸ்டிக் வேறு ஒரு மாணவனின் உருவத்தில் வந்து, எல்லோரும் உன்னைப் பார்த்துப் பயப்படுகிறார்கள், பேராசிரியருக்கும் உன் மேல் கோபம், நீ போய்விடுவது நல்லது என்று ரோக்கிடம் சொல்கிறாள். அந்தப் பெண்ணும் நம்பி ரயில் நிலையத்துக்கு ஓடிவிடுகிறாள். “இதை யாராவது வந்து சொல்லணும்னு இல்ல, நமக்கு நாமே சொல்லிக்குவோம். சொல்லி வீட்டை விட்டுக் கிளம்பிடுவோம்” என்றார் தோழி. சேவியரின் பள்ளி அவருக்குத் தங்கள் ஜமாத்தை, அதாவது திருநங்கைகள் குடும்பமாகச் சேர்ந்து வாழும் அமைப்பை, நினைவுபடுத்தியது. வீட்டிலிருந்து துரத்தப்பட்டு வந்த பிள்ளையை ஒரு மூத்தவர் மகளாகத் தத்தெடுப்பது, குரு, சேலா (சீடர்) என்று உறவு வைத்துக்கொள்வது, சண்டை வந்தாலும் சோறு போடுவது. அந்த வீடு வெளியுலகத்துக்கு மறைவாக இருப்பதில்தான் பாதுகாப்பு. தமிழ்நாடு அரசு 2008இல் திருநங்கைகளுக்கென நலவாரியம் அமைத்தது, இந்தியாவிலேயே முதன்முதலில். அரசு பதிவுசெய்தது, அடையாள அட்டை கொடுத்தது. பதிவேடு எப்போதும் கெல்லியின் பட்டியலாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை, யார் கேட்டு யாருக்காகப் பதிகிறார்கள் என்று பார்க்க வேண்டும் என்றும் அவர் சொன்னார். சட்ட மாணவர்கள் அதைக் குறித்துக்கொண்டார்கள்.

மிஸ்டிக் கெல்லியைக் கடத்திப் போகும்போது, உங்களைப் போன்ற ஆட்களால்தான் சின்ன வயதில் பள்ளிக்குப் போகவே பயந்தேன் என்கிறாள். அவளுக்கு இந்தப் படத்தில் கிடைத்த மனிதப் பேச்சு கிட்டத்தட்ட இது ஒன்றுதான். மற்றபடி உடம்பை வளைத்து உதைக்கிறாள், உருவம் மாறுகிறாள். நினைத்த முகத்தைப் போட்டுக்கொள்ள முடிகிறவள் ஏன் நீலத்தோலோடு இருக்கிறாள் என்ற கேள்வியை இரண்டாம் பாகம்தான், 2003இல், கேட்டது. ஒளிந்து வாழ வேண்டிய அவசியம் நமக்கில்லை என்கிற பொருளில் அங்கே அவள் ஒரே வரியில் பதில் சொல்கிறாள். எந்த ஊர், எந்தத் தெரு என்று வாடகை வீட்டுக்காரர் சுற்றி வளைத்துக் கேட்கும் சென்னையில் அந்த வரி கேட்பவர்களுக்கு உடனே புரியும். முதல் படத்தில் அது இல்லாதது நஷ்டம்தான்.

சிறப்புப் பள்ளி ஆசிரியைக்குச் சேவியர் மேல் கோபம். சக்கர நாற்காலியில் வரும் ஒரு பாத்திரம், நடக்கக்கூடிய பேட்ரிக் ஸ்டூவர்ட் நடித்தது. படம் முழுக்க அந்த நாற்காலி ஒரு படியில்கூடத் தடுக்குவதில்லை என்றார். மாளிகை முழுக்கச் சமதளம், நினைத்த இடத்தில் லிஃப்ட். நம் மெரினாவில் மணலைத் தாண்டிக் கடலைப் பார்க்க நிரந்தர சாய்வுப் பாதை வந்ததே 2022 நவம்பரில்தான், வந்த சில நாட்களிலேயே மாண்டஸ் புயலில் அது சேதமானது. ஊனத்தையும் சக்தியையும் ஒரே ஆளிடம் வைத்துவிட்டு, ஊனம் அன்றாடத்தில் எதைப் பறிக்கிறது என்று காட்டாமல் போவதைத்தான் அவர் சொன்னார். எங்கள் கேள்வியை வைத்துப் பார்த்தால் சேவியர் தேறவில்லை. நான் அவ்வளவு கடுமையாகப் போக மாட்டேன். நாற்காலியைப் பரிதாபமாகக் காட்டாமல், அதில் இருப்பவரை வீட்டுத் தலைவராகக் காட்டியதற்கு 2000இல் ஒரு மதிப்பு இருந்தது. ஆனால் தனிப் பள்ளி நல்லதா, எல்லோரோடும் சேர்ந்து படிப்பது நல்லதா என்று அவர் எழுப்பிய கேள்வி எனக்குள் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. படத்துக்கு அதில் அக்கறை இல்லை. தனி மாளிகைதான் விடை என்று முதலிலேயே முடிவு செய்துவிட்டது.

கடைசி அரை மணி நேரம்

இதைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. சுதந்திர தேவி சிலைக்கு மேல் ஒரு கருவி, எல்லிஸ் தீவில் உலகத் தலைவர்கள் மாநாடு, அத்தனை பேரையும் மியூட்டன்ட்டாக்கிவிட்டால் பிறகு நம் வலி அவர்களுக்கும் புரியும் என்பது மேக்னீட்டோவின் திட்டம். கருவி ஆட்களைக் கொல்லும் என்று சொன்னால் அவர் நம்புவதில்லை. சண்டை, கயிறு, கத்தி, மின்னல். 1949இல் இந்தச் சிலையை முதலில் பார்த்ததை ரோக்கிடம் அவர் சொல்லும் இடம் மட்டும் நிற்கிறது. உண்மையாகவே நல்லவன் என்றால் அந்தக் கருவியில் நீதான் உட்கார்ந்திருப்பாய் என்ற பொருளில் வுல்வரின் அவரிடம் சொல்வதும் நிற்கிறது. மற்றதெல்லாம் பார்த்த மறுநாளே மறந்துபோகும்.

ஆனால் அரசியலை முடித்துவைத்த விதத்தைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. பதிவுச் சட்டம் தோற்பது எப்படி? கெல்லி இறந்துவிட்டார், மிஸ்டிக் அவர் உருவத்தில் வந்து சட்டத்துக்கான ஆதரவை விலக்கிக்கொள்கிறாள். யாருடைய மனமும் மாறவில்லை. ஒரு தவறான சட்டம் ஆள்மாறாட்டத்தால் விழுகிறது. பெருங்காமநல்லூரை நினைத்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்த எங்களுக்கு இது பெரிய ஏமாற்றமாக இருந்தது.

இத்தனைக்கும் படத்தின் நடுவிலேயே இதைவிட நல்ல முடிவு ஒன்று கிடக்கிறது. மேக்னீட்டோ கெல்லியைக் கருவியில் வைத்து மியூட்டன்ட்டாக மாற்றுகிறார். தப்பி வந்த கெல்லி போக இடமில்லாமல் சேவியரின் வீட்டுக்கே வருகிறார். உடல் தண்ணீராகக் கரைந்துகொண்டிருக்கிறது, பக்கத்தில் சேவியர் குழுவின் ஸ்டார்ம், வானிலையை ஆட்டிவைக்கும் சக்தி கொண்டவள், உட்கார்ந்திருக்கிறாள். சாதாரண மனிதர்களை வெறுக்கிறாயா என்று கேட்கிறார். சில நேரம் என்கிறாள். ஏன் என்று கேட்டால், அவர்களைப் பார்த்தால் பயமாக இருக்கிறது என்கிறாள். சட்டம் கொண்டுவந்தவரும் சட்டத்துக்குப் பயந்தவளும் ஒரே அறையில், பயம் என்பது இரண்டு பக்கமும் இருப்பது தெரியவருகிறது. அவர் இறந்துபோகிறார். இந்த ஒரு காட்சிக்காகவே படத்தைத் திரையிடலாம்.

அதே ஸ்டார்ம்தான் படத்தில் மிகவும் வீணடிக்கப்பட்டவள் என்பதும் உண்மை. காமிக்ஸில் 1975இல் வந்து பின்னால் அந்தக் குழுவுக்கே தலைவியானவள். இங்கே ஹாலி பெர்ரிக்கு முழுதாக ஒரு காட்சி கொடுத்திருக்கிறார்கள், மிச்சமெல்லாம் மேகத்தைக் கூப்பிடுவதும் டோட் என்ற தவளை மனிதனிடம் சொல்லும் ஒரு சொத்தை வசனமும்தான். இரண்டே ஆண்டுகளில் ஆஸ்கர் வாங்கிய நடிகை அவர். ஒதுக்கப்பட்டவர்களைப் பற்றிய படத்தின் மையக் குழுவில் கறுப்பினப் பெண் ஒருத்தியே இருக்கிறாள், அவளுடைய அன்றாடத்தைப் பற்றிக் கேட்க யாருக்கும் நேரமில்லை.

முடிவு செய்தது

பழைய தாளை ஒதுக்கிவிட்டு, பாத்திரம் பாத்திரமாகப் பேசித் தீர்மானித்தோம். ரோக், மேக்னீட்டோ இருவருக்கும் முழு மதிப்பு. வுல்வரினுக்கு வண்டிக் காட்சிக்காகவும், கெட்ட கனவில் தெரியாமல் ரோக்கைக் குத்திவிட்டுத் துடிக்கும் காட்சிக்காகவும் நல்ல மதிப்பு. கெல்லிக்கு நாங்கள் எதிர்பார்க்காத அளவு உயர்ந்த மதிப்பு. சேவியர் விவாதத்துக்குரியவர் என்று எழுதி விட்டோம். சைக்ளாப்ஸ், மேக்னீட்டோவின் ஆட்களான டோட், சேபர்டூத் மூவரிடமும் கேட்க எதுவும் கிடைக்கவில்லை.

படத்தைத் திரையிடுவது என்று முடிவானது. அதோடு பெருங்காமநல்லூர் பற்றி ஒரு பக்கக் குறிப்பையும் மாணவர்களிடம் முன்பே கொடுப்பது என்று சட்ட மாணவர்கள் பொறுப்பெடுத்துக்கொண்டார்கள். செனட் காட்சி முடிந்ததும் நிறுத்தி, கெல்லிக்கு நீங்கள் என்ன பதில் சொல்வீர்கள் என்று மாணவர்களிடமே கேட்க வேண்டும் என்பது என் நிபந்தனை. கிராஃபிக்ஸைப் பற்றி யாராவது சிரித்தால் சிரிக்கட்டும், கம்பாசிட்டிங் தம்பி வந்து மிஸ்டிக்கின் ஒப்பனையைப் பற்றிப் பேசுவதாகச் சொல்லியிருக்கிறார்.

தீராமல் நிற்பது செவிலியர் அம்மாவின் கேள்வி. ரோக் கையுறை போடாமல் இருந்திருந்தால் அவளை நாம் எப்படிப் பார்த்திருப்போம் என்று மாணவர்களிடம் கேட்க வேண்டும் என்கிறார் அவர். பள்ளி வயதுப் பிள்ளைகளுக்கு அது கனமான கேள்வி, உடம்பைப் பற்றிய குற்ற உணர்ச்சியைக் கூட்டிவிடும் என்கிறார் சிறப்புப் பள்ளி ஆசிரியை. நான் செவிலியர் அம்மாவின் பக்கம். அடுத்த கூட்டத்தில் அதை மறுபடியும் எடுக்கிறோம், இரண்டாம் பாகத்தில் சேவியர் பள்ளி மாணவன் பாபி தன் வீட்டாரிடம் தான் யார் என்று சொல்லும் வரவேற்பறைக் காட்சியையும் சேர்த்துப் போட்டுப் பார்த்த பிறகு.